ஒரு கட்டை கீழே

நாங்கள் ஒத்திகை பார்க்கிற படகுக் கொட்டகையில், அடிச் சுரம் போடுகிற என் பேஸ் கிட்டாருக்கு அந்த வருடம் ஒரு பட்டப்பெயர் விழுந்தது. ‘புல் வெட்டுற மெஷின்.’ வைத்தவர் வேறு யாருமில்லை, என் கணவருடைய அண்ணன் மாரா அத்தான்தான். எங்கள் தீவின் தித்திகாவேகா ஊர் இசைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். நல்ல கிட்டார்க்காரர், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் மனிதர் சொக்கத் தங்கம்.

“துவாயினே, புல்லு வெட்டி முடிச்சாச்சா? நாங்க பாட ஆரம்பிக்கலாமா?”

ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் இதே கேலி. உக்குலேலே என்கிற குட்டிக் கிட்டார் வாசிக்கிற நாலு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும்.

அவர் சொன்னது பொய்யாக இருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சத்தம் நிஜமாகவே வந்தது. கம்பியைத் தட்டினால் சுரத்தோடு சேர்ந்து ‘கிர்ர்ர்’ என்று ஓர் உறுமல். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கிறார்களே ஃப்ரெட் தகடுகள், கம்பி ஆடும்போது அவற்றில் போய் உரசுகிற சத்தம் அது. மெல்லிய கம்பியில் கொஞ்சம், தடித்த கம்பியில் தாங்க முடியாத அளவு.

பதினான்கு வருடமாக அந்தக் குழுவில் நான்தான் பேஸ். கல்யாணமாகி வந்த மறுவருடம், முன்பு வாசித்தவர் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டார். “வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு” என்று என் கையில் கொடுத்தார்கள். நின்றேன். நின்றவள் வாசிக்கவும் கற்றுக்கொண்டேன். ஆள் தேடுவதை அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பகல் முழுக்க ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் நான். சாயங்காலம் அந்த நாலு கம்பியைத் தொடுகிற நேரம்தான் எனக்கு நான் யாரென்று தெரிகிற நேரம். இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆகஸ்ட் விழாவில் இசைக்குழுப் போட்டி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் மாரா அத்தான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பொகினோ வியாழக்கிழமை ஆக்லாந்துலேர்ந்து வர்றான். பேஸை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.”

பொகினோ அவர்களுடைய சித்தி மகன். முப்பது வயது, வீடுகளுக்கு வண்ணம் பூசுகிற வேலை, வார இறுதியில் அங்கே ஏதோ ஒரு குழுவில் வாசிப்பவன்.

“எதுக்கு அவன்?” என்றேன்.

“வியாழக்கிழமைக்குள்ள அந்தச் சத்தம் போயிட்டா நீ மேடையில நில்லு. போகலைன்னா அவன் நிப்பான். போன வருஷம் ஏன் மூணாவது வந்தோம்னு ஊருக்கே தெரியும்.”

“என்னாலதான்னு சொல்றீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லல. ஸ்பீக்கர் சொல்லுச்சு.”

வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கட்டிலில் எறிந்தேன். எறிந்த கையோடு எடுத்துத் தடவியும் கொடுத்தேன். என் கணவர் நோரோவா வாசலில் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“அண்ணன்கிட்டயும் பொண்டாட்டிகிட்டயும் ஒரே நாள்ல நல்ல பேரு வாங்கின ஆம்பளை இந்தத் தீவுல இன்னும் பொறக்கல. நான் சாயங்காலம் மீனுக்குப் போறேன்” என்று நழுவிவிட்டார்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முந்தைய இரண்டு மாதமாகச் செய்யாத வைத்தியம் இல்லை. பழைய கம்பி என்று யாரோ சொன்னார்கள். புதுக் கம்பி கடையில் இல்லை, விமானத்தில் வர வேண்டும். அதனால் இருந்ததையே கழற்றி வெந்நீரில் போட்டு வேகவைத்தேன். அழுக்கு இறங்கினால் கம்பி புதுசு போல ஆகுமாம். எந்தப் பானை என்று பார்க்கவில்லை. அன்று இரவு தேங்காய்ப்பாலில் செய்த சேப்பங்கீரையை வாயில் வைத்த நோரோவா, “ஏண்டி, இதுல ஆணி எதுவும் போட்டியா?” என்று கேட்டார். கம்பி பளபளத்தது. சத்தமும் பளபளத்தது, அவ்வளவுதான்.

பிறகு கிட்டாரின் அடிப்பக்கம் கம்பியைத் தாங்குகிற பாலத்தில் இருக்கும் சின்னத் திருகாணிகளைத் திருகிக் கம்பியை உயர்த்தினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அழுத்தி அழுத்தி விரல் கன்றிப்போனது, சுருதியும் தள்ளாடியது. கடைசியாகப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டிக் கம்பிக்கு அடியில் செருகினேன். “இப்ப மெத்தையைத் தடியால அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார் மாரா அத்தான். பஞ்சைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலிபர் ஆராதனையில் பேஸ் வாசிக்கிறவளுக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே கீபோர்டு. அதோடு சேர வேண்டுமென்றால் நான்தான் கம்பியை முறுக்கி மேலே ஏற்ற வேண்டும். ஏற்றினேன். மனசு சரியில்லாமல் ஏனோதானோவென்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் பாதியில்தான் எனக்கு உறைத்தது. எங்கே சத்தம்?

அதே கிட்டார், அதே வெந்த கம்பி, அதே கை. ஒரு கிர் இல்லை. பாயசம் மாதிரி வழுவழுவென்று வந்தது சுரம். போதகர் ஜெபிக்கச் சொன்னபோது எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் கிட்டாரையே முறைத்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நாங்கள் கொட்டகையில் வாசிக்கிற இடத்துக்கு இறங்கியதும் ‘கிர்ர்ர்’. மறுபடி ஏற்றினேன், போய்விட்டது. மறுபடி இறக்கினேன், வந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டேன். கம்பி தளர்ந்தால் கொடிக்கயிறு போல ஆடி ஃப்ரெட்டில் இடிக்கிறது. அதோடு, கம்பியின் இழுப்பு குறைந்ததும் கிட்டாரின் கழுத்தும் பின்னுக்குச் சாய்ந்து கம்பியை இன்னும் நெருங்கிவிடுகிறது. இதற்கா என் பானையைக் கெடுத்தேன்!

சரி, கொட்டகையில் ஏன் இறக்குகிறோம்? அங்கேதான் சங்கடம்.

எங்கள் குழுவில் சுருதி சேர்க்கப் பெட்டியும் கிடையாது, போனும் கிடையாது. என் மாமனார் மத்தாயோ ஒரு வரி பாடுவார், வெறும் குரலில். அவர் எங்கே ஆரம்பிக்கிறாரோ அதுதான் அன்றைக்குச் சுருதி. எல்லாரும் திருகாணியைத் திருகி அவரிடம் வந்து சேருவோம். அவருடைய அப்பா பாடிய காலத்திலும் அப்படித்தான். எழுபத்து மூன்று வயதிலும் அவர் வாயைத் திறந்தால் சாலையில் போகிற ஸ்கூட்டர்கள் நிற்கும். ஆனால் வருடா வருடம் அந்த முதல் வரி ஒரு மயிரிழை கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நாங்களும் கூடவே இறங்கியிருக்கிறோம். அந்த வருடம் முழுதாக ஒரு கட்டை. உக்குலேலேக்கு ஒன்றும் ஆகாது, அதில் கட்டியிருப்பது தூண்டில் நரம்பு, எங்கே விட்டாலும் பாடும். கிட்டார்க்காரர்கள் அள்ளி வீசுகிற வேகத்தில் அவர்களுடைய உறுமல் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே தட்டுகிற நான்தான் மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாரா அத்தான் வீட்டுக்கே போனேன். ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அத்தான், காரணம் தெரிஞ்சுபோச்சு. நாம கம்பியை ரொம்ப இறக்குறோம். மேல ஏத்துனா சத்தமே இல்ல.”

“ஏத்துனா அப்பா எப்படிப் பாடுவாரு?”

“அதான்… மாமா குரலு கொஞ்சம்…”

அவர் குழாயை மூடினார். “கொஞ்சம்?”

நான் ஸ்கூட்டர் துடைக்கிற துணியை எடுத்துப் பிழிய ஆரம்பித்தேன்.

“அப்பா குரலு இறங்கிப்போச்சுன்னு இந்த ஊர்ல ஒருத்தன் சொல்லட்டும், பாக்கறேன்” என்றார். “உனக்கு வாசிக்க வரலைன்னா வரலைன்னு சொல்லு. எங்கப்பா தலையில போடாத.”

“வாசிக்க வரலையா? எனக்கா?”

“வியாழக்கிழமை நாலு மணி” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

ஓட்டலுக்குப் போகிற வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். ஆனால் பாதி வழியில் ஒன்று புரிந்தது. அவர் கோபம் என் மேல் இல்லை. அவருக்கும் தெரியும். அப்பாவின் குரலைப் பற்றி யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள்தான் அதை நிஜமாக்குகிறார்கள். அந்தப் பாவத்தை அவரும் செய்யத் தயாராக இல்லை, நானும் இல்லை. அப்படியானால் கிழவரும் இறங்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும், என் கம்பியும் முறுக்காக இருக்கட்டும். இறங்க வேண்டியது என் கை.

சொல்வது எளிது. மற்றவர்கள் கம்பியை ஒரு கட்டை, அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு தளர்த்தியிருக்கிறார்கள். நான் தளர்த்தவில்லை என்றால் ஒவ்வொரு சுரத்தையும் பழகிய இடத்தைவிட இரண்டு ஃப்ரெட் கீழே பிடிக்க வேண்டும். மூன்றாவதில் இருந்தது முதலாவதுக்கு வரும். அதுவாவது பரவாயில்லை. விரலே வைக்காமல் சும்மா தட்டுகிற கம்பிகள் இருக்கின்றனவே, அந்தச் சுரங்களை எல்லாம் பக்கத்துக் கம்பியில் தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். பதினான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்த வீட்டில் ஒரே நாளில் கதவையெல்லாம் இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும்? எங்கே போனாலும் முட்டிக்கொண்டேன்.

போட்டிக்கு மூன்று பாட்டு. நாலு நாள். விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிற வரை வாசித்தேன். சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் மேஜை விளிம்பில் விரலை ஓட்டினேன். “துவாயினே, மேஜைக்கு என்ன கிச்சுகிச்சு மூட்டுறியா?” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். நோரோவா தூங்கும்போது அவர் முன்னங்கையைப் பிடித்து விரலை நகர்த்திப் பார்த்தேன். “இது கை, கிட்டார் இல்ல” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நாலு நாளில் இன்னொன்றும் தெரிந்தது, அது கொஞ்சம் கசப்பு. கம்பி முறுக்காக இருந்தும், கோபத்தில் அடித்தால் சத்தம் வந்தது. மாரா அத்தான் பேசியது ஞாபகம் வரும், கை ஓங்கும், ‘கிர்’. ஃப்ரெட் தகட்டை ஒட்டினாற்போல் இடது விரலை வைத்து, வலது விரலால் பூவைக் கிள்ளுகிற மாதிரி கிள்ளினால் சுத்தமான சுரம். பாதிக் குற்றம் சுருதியில், மீதிக் குற்றம் என் கோபத்தில். ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆனால் கம்பி யாருக்கும் முகதாட்சண்யம் பார்ப்பதில்லையே.

மூன்றாவது பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டு. அதில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. பல்லவி முடிகிற இடத்தில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற சுரம் ஒன்று வரும், தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் வருகிற சுரம். முறுக்கிய என் கிட்டாரில் அந்தச் சுரமே கிடையாது. அதற்கு மேலே இருக்கிற அதே சுரத்தைப் பிடித்தால் மொட்டையாக இருந்தது. புதன்கிழமை காலை வெறுப்பில் விரலை இங்கும் அங்கும் ஓட்டியபோது, கீழேயிருந்து நாலு படி ஏறி அந்த மேல் சுரத்தில் போய் உட்காருகிற ஒரு நடை தானாக வந்து விழுந்தது. வாசித்தேன். திரும்ப வாசித்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்படியும் இன்னொரு முறை வாசித்தேன்.

வியாழக்கிழமை பொகினோ கழுத்து நிறையப் பூமாலையோடு விமான நிலையத்திலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தான். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, முப்பது வயது ஆள். ஆனால் நல்லவன். “அண்ணி, மாரா சொன்னாரு… எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று தலையைச் சொறிந்தான். அவனுடைய பேஸ் புத்தம் புதுசு, கறுப்பு, கண்ணாடி போலப் பளபளத்தது.

மாமா ஒரு வரி பாடினார். எல்லாரும் சேர்த்தார்கள். பொகினோவும் திருகித் திருகி இறங்கி வந்து சேர்ந்தான். முதல் பாட்டு. அவன் முதல் கம்பியைத் தட்டினான்.

‘கிர்ர்ர்ர்.’

என் கிட்டாராவது புல் வெட்டியது. அவனுடையது மரமே அறுத்தது. பொகினோவின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து கிட்டாரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். உக்குலேலேக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குத்தாட்டம். இல்லையென்று சொல்ல நான் என்ன புனிதவதியா?

“ஆக்லாந்து குளிர்லேர்ந்து வந்த கிட்டாரு” என்றார் மாரா அத்தான். “நாளைக்குச் சரியாயிடும்.”

“இப்ப நான் வாசிக்கட்டுமா?” என்றேன்.

“சுருதி சேக்கல நீ?”

“சேத்தாச்சு.”

அவர் சந்தேகமாகப் பார்த்தார். பாட்டு ஆரம்பித்தது. நான் கோபப்படவில்லை. கிள்ளினேன். சுரம் வந்தது, சுரம் மட்டும் வந்தது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவதும் முடிகிற வரை புல் வெட்டுகிற பேச்சே எழவில்லை. மூன்றாவதில் பல்லவி முடிகிற இடத்தில் என் நடை வந்ததும் மாமா பாடுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். என் இடது கைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார்.

“ஏம்மா, கம்பியை நீ இறக்கலையா?”

“இல்ல மாமா. இறக்குனா சத்தம் வருது.”

“நாம எதுக்கு இறக்குறோம்?”

மாரா அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் தலையையே வெட்டிவிடுவார் போலிருந்தது. ஆனால் நேராகக் கேட்டவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

“உங்க குரலு ஒரு கட்டை இறங்கிடுச்சு, மாமா.”

கிழவர் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஒண்ணா? ஒண்ணரை! அந்த அரைக் கட்டையை நான் மூச்சுல மறைச்சுக்கிட்டுப் பாடறேன்.” மகன் பக்கம் திரும்பினார். “எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? எவனாவது சொல்லுவான் சொல்லுவான்னு ரெண்டு வருஷமா பாக்கறேன். நீங்க என்னடான்னா வாயை மூடிக்கிட்டுக் கம்பியைத் தளத்திட்டு உக்காந்திருக்கீங்க. இவ ஒருத்திதான்டா ஆம்பளை இதுல.”

“நான் பொம்பளைதான் மாமா, அதுக்கு என்ன கொறச்சல்?” என்றேன்.

“ஒரு கொறச்சலும் இல்ல தாயி. நாளைக்கு எனக்குப் பின்னாடி நீதான் நிக்கணும்.”

மாரா அத்தானுக்கு மூக்கு உடைந்துதான் போயிற்று, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “கொட்டகையில கேக்காதது அங்க பெரிய ஸ்பீக்கர்ல கேக்கும்ப்பா. பொகினோ மேடை ஓரத்துல பேஸோட தயாரா நிக்கட்டும். இன்னிக்கே கம்பியை உயர்த்தி வச்சுக்குவான். ஒரு சத்தம் வந்தாலும் நான் கை காட்டுவேன். இவ இறங்கணும், அவன் ஏறணும்.”

மாமா என்னைப் பார்த்தார். “சரி” என்றேன். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருவா நகர மண்டபம் பிதுங்கி வழிந்தது. தலையில் பூ முடி, ஒரே மாதிரிச் சட்டை, எங்களுக்கு முன்னால் ஏழு குழு. திரைக்குப் பக்கத்தில் பொகினோ கறுப்பு பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். என் கண்ணுக்கு நேர் எதிரே. வேண்டுமென்றே அங்கே நிறுத்தியிருந்தார் மாரா அத்தான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முதல் பாட்டு சுத்தம். பெரிய ஸ்பீக்கரில் என் சுரம் மண்டபத்தின் தரையில் நடந்து போவது காலில் தெரிந்தது.

இரண்டாவது வேகப் பாட்டு. மாரா அத்தான் பதற்றத்தில் வழக்கத்தைவிட வேகமாக ஆரம்பித்துவிட்டார். உக்குலேலே நாலும் பிய்த்துக்கொண்டு ஓடின. நான் பின்னாலேயே ஓடினேன். ஓட ஓடக் கை பலத்தது. கைதட்டல் வேறு. நடுச்சரணத்தில் வந்தது, சின்னதாக, ஒரே ஒரு ‘கிர்’.

மாரா அத்தானின் தலை சட்டென்று திரும்பியது. பொகினோ ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். எனக்குப் பதினான்கு வருடமும் அந்த ஒரு காலடியில் போய் நின்றது போல இருந்தது. கோபம் பொங்கியது, அழுகை பொங்கியது, இரண்டும் சேர்ந்து கைக்கு இறங்கப் பார்த்தன. ‘ஏய், கிள்ளு, அடிக்காதே’ என்று எனக்கு நானே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். விரலை ஃப்ரெட் பக்கமாக நகர்த்தினேன். வலது கையைத் தளர விட்டேன். அடுத்த சுரம் சுத்தம். அதற்கடுத்ததும். மாரா அத்தானின் கை பாதி எழுந்து, அப்படியே நின்று, மறுபடி கிட்டாருக்குப் போனது.

மூன்றாவது, ஊர்ப் பாட்டு. இரண்டு பல்லவி போனது. மூன்றாவது பல்லவிக்கு முன்னால் மாமா திடீரென்று வலது கையை உயர்த்தினார். எங்கள் குழுவில் அதற்கு ஒரே அர்த்தம்: எல்லாரும் நிறுத்து. உக்குலேலே நின்றது, கிட்டார் நின்றது, மேளம் நின்றது. நானும் நிறுத்தப் போனேன். அவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நீ நிறுத்தாதே.

ஒத்திகையில் இல்லாத காரியம். ஆயிரம் பேர் இருக்கிற மண்டபத்தில் ஒரு கிழவரின் குரலும் என் நாலு கம்பியும் மட்டும். ஒளிந்துகொள்ள ஓர் உக்குலேலேகூட இல்லை. ஒரு தூசி உரசினாலும் கேட்கும்.

அவர் தாழப் பாடினார். மறைக்கவில்லை, அந்த அரைக் கட்டையையும் சேர்த்து இறக்கிவிட்டார். பாவி மனுஷன்! நானும் சட்டென்று ஒரு ஃப்ரெட் இறங்கிப் பிடித்துக்கொண்டேன். கம்பி முறுக்காக இருந்ததால்தான் முடிந்தது. கை மட்டும்தானே நகர வேண்டும். இளமையில் அவர் பாடியதைவிட அது நன்றாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பல்லவி முடியும் இடம் வந்தது. என் நடை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு படி. கடைசிச் சுரத்தில் விரலை வைத்து அப்படியே விட்டேன். அது நீண்டு நீண்டு மண்டபத்தின் கடைசி வரிசை வரை போய் நின்றது. அதில் வேறெந்தச் சத்தமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா முதலில் எழுந்தார். இடுப்பை ஆட்டிக்கொண்டே மேடை ஏறினார். அவர் பின்னால் நாலு பேர், பத்துப் பேர். மாமா பழைய சுருதிக்கு ஏறினார், நானும் ஒரு ஃப்ரெட் ஏறினேன், உக்குலேலே எல்லாம் மறுபடி சேர்ந்துகொண்டு வெடித்தன. மாமா சிரித்துக்கொண்டே பாடினார். நான் திரைப் பக்கம் பார்த்தேன். பொகினோவைக் காணவில்லை. கறுப்பு பேஸ் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது. எங்கே போனான் என்று தேடினால், ஆள் மேடை நடுவில், முழங்காலைத் தட்டித் தட்டி, சட்டைப் பொத்தான் தெறிக்க ஆடிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, “அண்ணி, போடு!” என்று கத்தினான்.

போட்டேன்.

முதல் பரிசு தித்திகாவேகாவுக்கு என்று அறிவித்தபோது நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கைச் சிந்தி அழுதேன். மாமா தன் சட்டையின் ஓரத்தை நீட்டினார், அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில் மாரா அத்தான் எனக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் நோரோவா, எதுவும் தெரியாதவர் போலச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அக்டோபர்ல நம்மள ஆக்லாந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் மாரா அத்தான். “இப்பதான் பேரெல்லாம் எழுதிக் குடுத்தேன்.”

“பேஸுக்கு யாரு பேரு?”

“உன் பேருதான்.”

“என்னைக் கேட்டீங்களா?”

பதினான்கு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறார், ஏசியிருக்கிறார், கேலி செய்திருக்கிறார். கேட்டது மட்டும் கிடையாது. தலையிலிருந்த பூ முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“வர்றியாம்மா? நீ இல்லாம முடியாது.”

“யோசிச்சுச் சொல்றேன், அத்தான்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நோரோவா சாவியைக் கீழே போட்டுவிட்டார். மூன்று விநாடி நன்றாக யோசித்தேன். பிறகு வருகிறேன் என்றேன்.